சந்தியாகுவின் மார்க்கவசம்

ஒரு மிளகு அளவு போதும். அதற்கு மேல் எடுத்தால் வெள்ளிப்பொடி கலந்த மெழுகு திட்டாக நின்றுவிடும், எவ்வளவு தேய்த்தாலும் ஈயம் பூசின பாத்திரம் மாதிரிதான் தெரியும், இரும்பு மாதிரி தெரியாது. ஆட்காட்டி விரல் நுனியில் அந்த மிளகை எடுத்துப் பழைய தாளில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாதியைத் துடைத்துவிட்டு, விரலில் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வரும்போதுதான் கவசத்தின் மேல் வைக்க வேண்டும். பள்ளத்தில் போகக் கூடாது. பள்ளம் கறுப்பாகவே இருக்க வேண்டும். மேட்டில் மட்டும், வட்டமாக, அழுத்தி. அழுத்தும்போது என் கை நன்றாகத்தான் இருக்கிறது. விரல் ஒன்றின் மேல் ஊன்றி நிற்கும்வரை அது என் விரல். காலை ஒன்பது மணியிலிருந்து தேய்க்கிறேன், வலது மார்பு முடிந்துவிட்டது, கறுப்பு ஃபோமுக்குள்ளிருந்து வெள்ளி கிளம்பி வருகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது, நன்றாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தைகள் விளையாட ஒன்றோடொன்று கோர்த்து விரிப்பார்களே, அந்த ஃபோம் பாய்கள் ஆறு. வெட்டி, சூடான காற்று ஊதுகிற ஹீட் கன் காட்டி வளைத்து, மரப்பசையை நீர்க்கக் கரைத்து நான்கு முறை பூசி, அதற்கு மேல் கறுப்பு பெயின்ட். இப்போது மெழுகு. இது சந்தியாகுவின் மார்பு. நாற்பத்து நான்கு அங்குலம். உபதேசியார் தனிஸ்லாஸ் ஒரு துண்டுச் சீட்டில் அளவை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்கதான் செய்யணும்னு பங்குச் சாமியார் சொல்லிட்டாரு சிங்கராயரே. பழைய தகரக் கவசம் துருப்பிடிச்சுப் போச்சு. உங்க கைவேலை மாதிரி வருமா?" என்றார். கைவேலை. நான் சரி என்றேன். யோசிக்கவே இல்லை, சரி என்றேன். உள்ளே வந்த என் மனைவி கித்தேரி, "யாருக்குன்னு தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது, தெரிந்துதான் ஒத்துக்கொண்டிருக்கிறேன் என்று.

பத்தொன்பது வருஷம் நான்தான் நூற்றுவர் தலைவன், ரோமாபுரிச் சிப்பாய்களுக்குத் தலைவன். பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் கோயில் மைதானத்தில் இயேசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கா நாடகம் தொடங்கும், ஐந்தரைக்கு இயேசுவைச் சிலுவையில் ஏற்றுவார்கள், அப்புறம் நான் வருவேன். எனக்கு ஒரே ஒரு வசனம்தான், "இவர் உண்மையாகவே இறைமகன்". ஆனால் அந்த வசனத்துக்கு மைதானம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கும், கைக்குழந்தை அழுதால் அதட்டுவார்கள். வசனத்துக்கு முன்னால் ஈட்டி. சிலுவையில் இருப்பவரின் விலாவில் துணிக்கு அடியில் சிவப்புச் சாயம் நிறைத்த சின்னப் பை கட்டியிருக்கும், ஈட்டி நுனியில் ஒரு குண்டூசி, பையைத் தொட்டால் போதும், வழியும். பதினெட்டு வருஷம் தொட்டேன், வழிந்தது. போன வருஷம் ஈட்டியை உயர்த்தினேன், ஏழடிக் கம்பு, அதன் நுனி ஆடுகிறது. கொஞ்சம்தான் ஆடுகிறது என்று நினைத்தேன். இங்கே ஒரு நூல் ஆடினால் அங்கே ஒரு சாண் ஆடும் என்பது மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவனுக்குத் தெரியாதா. கூட்டத்தில் ஒருத்தன், குரல் இன்னும் காதில் இருக்கிறது, "ஏப்பா, நூற்றுவர் தலைவனுக்குக் குளிரடிக்குதுப்பா, யாராவது போர்வை குடுங்க" என்றான். சிரிப்பு. பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவைக்கு அடியில், சிரிப்பு. நான் அவசரப்பட்டேன். பையைத் தவறவிட்டு, இயேசுவாகத் தொங்கிய ஜெரால்டின் விலா எலும்பில் கீறிவிட்டேன். அவன் வாயைத் திறக்கவில்லை, செத்த மாதிரியே தொங்கினான், நல்ல பையன், மூன்று தையல். அடுத்த வாரம் கோயில் காரியங்களைப் பேசுகிற பங்குப் பேரவைக் கூட்டம். நான் போகவில்லை. சாமியார், "என்னதான் ஆச்சு அவருக்கு?" என்று கேட்டிருக்கிறார். சந்தியாகு எழுந்திருக்கிறான். என் சந்தியாகு. ஆறாம் வகுப்பிலிருந்து பக்கத்து பெஞ்சு, என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். எழுந்து நின்று, "சாமி, அன்னைக்குக் கொஞ்சம் போட்டுட்டு வந்திருந்தான். நான்தான் கவனிச்சிருக்கணும்" என்றானாம். நான்தான் கவனிச்சிருக்கணும். அந்தப் பெருந்தன்மையைப் பாருங்கள். உபதேசியார்தான் வந்து சொன்னார், வருத்தமாகச் சொல்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. இந்த வருஷம் நூற்றுவர் தலைவன் சந்தியாகு. பதினொரு மாதமாக நான் அவனோடு பேசவில்லை. அவனும் என் கடைப்பக்கம் வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? தெரியாது. வந்திருக்க வேண்டும். அது மட்டும் தெரியும்.

இடது மார்பு. விலாப்பக்கம் எலும்பு மாதிரி ஐந்து வரி செதுக்கியிருக்கிறேன், அதில் மேட்டுக்கு மட்டும் மெழுகு. இந்த மெழுகின் குணம் ஒன்று இருக்கிறது. தேய்த்துத் துணியால் மெருகேற்றினால் பளபளவென்று நிற்கும், காய்ந்த மாதிரியே இருக்கும், ஆனால் காய்ந்திருக்காது. அதன் மேல் லாக்கர் என்கிற கண்ணாடிப் பூச்சு ஒரு கை அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் தொட்டவன் கையில் எல்லாம் வரும். ஒரு வெட்டுத்துண்டில் பூசி மொட்டைமாடியில் பிற்பகல் மூன்று மணி வெயிலில் வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் இளகிவிட்டது. ஈரக்கையால் தொட்டேன், உள்ளங்கை முழுக்க மீன் செதில். சோப்புக்குப் போகவில்லை, மண்ணெண்ணெய்க்குத்தான் போனது. அன்று இரவு சோறு பிசையும்போது நகக்கண்ணில் வெள்ளி மினுங்கியது, எனக்குச் சிரிப்பு வந்தது, கித்தேரி என்னவென்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன். ஏப்ரல் மாதம். திறந்த மைதானம். நாற்பத்து நான்கு அங்குல மார்புக்குள் இரண்டரை மணி நேரம் வேர்த்து நிற்பான். எங்கள் பாஸ்காவில் ஒரு வழக்கம் உண்டு, வேறு ஊர்களில் இருக்கிறதா தெரியவில்லை: ஈட்டியால் குத்தினவனே உடலையும் இறக்க வேண்டும். குத்தின கையால் ஏந்து என்பார்கள். ஜெரால்டை அக்குளில் கைகொடுத்துத் தன் மார்போடு சாய்த்து இறக்கி, மாதாவின் மடியில் கிடத்திவிட்டுத்தான் வசனத்தைச் சொல்ல வேண்டும். மாதா வேஷம் ஸ்டெல்லா டீச்சர், வெள்ளை முக்காடு. அப்போது நடக்கும். இயேசுவின் வெறும் முதுகில் வெள்ளி. தோளில் ஐந்து விரல், வெள்ளி. மாதாவின் முக்காட்டில் வெள்ளி. அவன் பதறித் தன் நெற்றியைத் துடைப்பான், நெற்றியில். மைதானம் முழுக்கக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருக்கும். முதலில் ஒருத்தன் சிரிப்பான். ஒருத்தன் போதும், எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பை அவன் கேட்க வேண்டும், திரும்பிப் பார்க்க முடியாமல், வசனத்தை மறக்காமல், அந்தச் சிரிப்புக்குள்ளேயே நின்று வசனத்தைச் சொல்ல வேண்டும். நான் மூன்றாவது வரிசையில் கித்தேரிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கட்டிக்கொண்டால் தெரியாது. முந்தின நாள் பெரிய வியாழன், நடிக்கிறவர்கள், வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டாக வேண்டும், அது சட்டம். வியாழக்கிழமை நான் என்ன சொல்வது? நாளைக்குச் செய்யப்போகிற பாவத்துக்கு இன்றைக்கே மன்னிப்புக் கிடைக்குமா என்று கேட்டால் சாமியார் கூண்டைவிட்டு எழுந்து வெளியே வந்துவிடுவார். ஆனால் நான் எதைச் செய்கிறேன்? ஒன்றும் செய்யவில்லையே. ஒரு பூச்சு பூசாமல் விடுகிறேன், அவ்வளவுதான். செய்யாமல் விடுவதும் பாவக் கணக்கில் உண்டு என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்த சிஸ்டரை இப்போது எதற்கு நினைக்கிறேன். தேய். வட்டமாகத் தேய்.

குடித்திருந்தான் என்று சொன்னான். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை என்று ஊரில் எவனைக் கேட்டாலும் சொல்வான், இல்லை, சொல்வான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒருத்தனும் சொல்லவில்லை, எல்லாரும் நம்பிவிட்டார்கள், நம்புவதற்கு இரண்டு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. அதைவிட அவன் பொய் என்று தெரிந்தே சொன்னான் என்பதுதான் உறுத்துகிறது. உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். போன வருஷப் பாஸ்காவுக்கு முன்னால் ஒருநாள், மதுரையிலிருந்து திரும்பி வருகிற பஸ், நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன், மடியில் மஞ்சள் கவர். பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவன் சந்தியாகு. "என்னடா சிங்கு, மூஞ்சி செத்துக் கிடக்கு?" என்றான். நான் கையை நீட்டிக் காட்டினேன். வெறும் கையை, காற்றில். அது ஆடியது. அவன் தன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான், பஸ் கொடைரோடு தாண்டும்வரை விடவில்லை, கண்டக்டர் ஒரு மாதிரிப் பார்த்தான். "மாத்திரையில நிக்கும், ஆனா போகாதுன்னுட்டாரு. யார்ட்டயும் சொல்லாதடா. கடை போயிரும்" என்றேன். "என் வாயிலேர்ந்து வராது" என்றான். வரவில்லை. அதுதான் விஷயம். வரவில்லையே. பேரவையில் அவன் எழுந்து நின்றபோது அவன் முன்னால் இரண்டு வாக்கியம்தான் இருந்திருக்கும். கை நடுங்குகிறது என்பது ஒன்று. குடித்திருந்தான் என்பது ஒன்று. காயில் கட்டுகிறவன் ஒருநாள் குடித்தான் என்றால் மறுநாள் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்குவார்கள், கொஞ்சம் திட்டிவிட்டு இறக்குவார்கள். தலைமுடி கனக் கம்பியைக் கணக்குப் பிசகாமல் சுற்ற வேண்டியவனுக்குக் கை நடுங்குகிறது என்றால் ஒரு கிணற்று மோட்டார்கூட வராது. இந்தப் பதினொரு மாதத்தில் மோட்டார் குறையவில்லை. குறையவில்லை என்று எனக்குத் தெரியும். அதை நினைக்கும்போதெல்லாம் வேறு எதையாவது நினைத்துக்கொள்கிறேன். அவன் மூன்றாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது சாமி என்று சொல்லியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்திருக்கலாம். ஏன் எழுந்தான்? நூற்றுவர் தலைவன் வேஷத்தின் மேல் அவனுக்கு ஆசை, இருபது வருஷ ஆசை, ஈட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவான், எனக்குத் தெரியாதா. அப்படியென்றால் அவன் யூதாஸ். இல்லையென்றால் என்னைக் காப்பாற்றியிருக்கிறான். காப்பாற்றினவனாக அவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? யூதாஸாக இருந்தால் எனக்குச் சௌகரியம். கித்தேரி இப்போதெல்லாம் எனக்குக் காபியை முக்கால் டம்ளர்தான் ஊற்றுகிறாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாரும் எனக்கு நல்லது செய்துகொண்டே இருக்கிறார்கள், சத்தமில்லாமல். அதுதான் தாங்க முடியவில்லை.

மெழுகு முடிந்தது. பழைய பனியன் துணியால் மெருகேற்றுகிறேன், லேசாக, தூசி தட்டுகிற மாதிரி. ஜன்னல் வெளிச்சம் மார்பில் விழுந்து ஓடுகிறது. இவ்வளவு அழகாக ஒன்றை நான் எனக்கு ஒருநாளும் செய்துகொண்டதில்லை, பத்தொன்பது வருஷமும் அந்தத் தகரம்தான். லாக்கர் டப்பா அலமாரியில் இருக்கிறது, அழுத்தினால் பீய்ச்சி அடிக்கிற வகை. அதைத் தொடப்போவதில்லை. பழிக்காகத் தொடப்போவதில்லை. அப்படித்தான் செவ்வாய்க்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து எல்லாவற்றையும் நினைத்தேன், செவ்வாய்க்கிழமையை மட்டும் நினைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கித்தேரி கடைவீதிக்குப் போயிருந்தாள். முழங்கால் கவசம் இரண்டும் மெழுகு போட்டுத் தயாராக இருந்தன. டப்பாவை எடுத்தேன். பழியைப் பற்றி அப்போது ஒரு நினைப்பும் இல்லை, வேலையை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் இருந்தது மனதில், சத்தியமாக. ஒரு முழம் தள்ளிப் பிடித்து, விட்டு விட்டு, சீராக, இடமிருந்து வலம். கையைக் காற்றில் நீட்டினேன். ஊன்ற இடமில்லை. ஒரு இடத்தில் குபுக்கென்று நின்றது, இன்னொரு இடத்தில் படவே இல்லை, நின்ற இடத்தில் மெழுகு கரைந்து கண்ணீர் மாதிரிக் கோடு கோடாக ஓடியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அடித்தேன், இரண்டும் சேர்ந்து ஆடின. எல்லாவற்றையும் துடைத்து, மறுபடி கறுப்பு அடித்து, மறுபடி மெழுகு தேய்த்து, கித்தேரி வருவதற்குள் தின்னர் வாடை போகக் கதவைத் திறந்துவைத்தேன். அன்று சாயங்காலம்தான் முதல்முதலாக அந்த யோசனை வந்தது, லாக்கர் அடிக்காமல் விட்டால் என்ன, நன்றாக மானங்கெடட்டும் என்று. முதலில் வந்தது எது? முடியாமல் போனது முதலில். பழி அதற்குப் பிறகு. முடியவில்லை என்று சொல்வதைவிட மாட்டேன் என்று சொல்வது ஒரு ஆண்பிள்ளைக்கு எவ்வளவு லேசாக இருக்கிறது. ஆனால் பதினொரு மாதக் கோபமும் பொய்யில்லையே. கோபம் நிஜம், காரணம் மட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. அல்லது…

வாசலில் பைக் சத்தம். உபதேசியார் குரல், "சிங்கராயரே, மாப்பிள்ளையைக் கூட்டியாந்துட்டேன், அளவு பாத்துருவமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறார். கூட்டிவருவார் என்று சொல்லவே இல்லையே. அவருக்குப் பின்னால் சந்தியாகு, வாசற்படியில், வரலாமா என்று கேட்காமலும் வராமலும் நிற்கிறான். தலை நரைத்துவிட்டது. பதினொரு மாதத்தில் இவ்வளவா, இல்லை, நான் கவனித்ததில்லையா. "என்ன சிங்கு" என்கிறான். நான் கவசத்தைக் காட்டுகிறேன். "அடேயப்பா!" என்கிறார் உபதேசியார், "ரோமாபுரியிலேர்ந்து நேரா இறக்கினாப்புல இருக்கே. தொட்டா இரும்பாட்டம் சில்லுனு இருக்கும்போலயே." தொடப் போகிறார். "தொடாதீங்க" என்கிறேன், கொஞ்சம் சத்தமாக. "போட்டுப் பாக்கட்டும்." சந்தியாகு தலைவழியாக மாட்டிக்கொள்கிறான். பொருந்துகிறது. நான் செய்தது பொருந்தாமல் போகுமா. அவன் குனிந்து தன் மார்பைப் பார்க்கிறான், ஐம்பத்தாறு வயதில் புதுச்சட்டை போட்ட பையன் மாதிரி, உள்ளங்கையை எடுத்து ஆசையாக ஒரு தட்டுத் தட்டுகிறான். கையைத் திருப்பிப் பார்க்கிறான். வெள்ளி. "என்னடா, ஒட்டுது?" என்கிறான். பதினொரு மாதம் கழித்து எங்களுக்குள் முதல் கேள்வி. "காஞ்சா நின்னுரும்" என்கிறேன். எவ்வளவு சுலபமாக வருகிறது வாயில். அவன் நம்பிவிட்டான். கையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறான், போகவில்லை, இன்னும் துடைக்கிறான்.

முதுகுப் பக்கம் வார் மாட்ட வேண்டும், தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, சின்னக் கொக்கி. நான் பின்னால் போய் நிற்கிறேன். கொக்கியைக் காற்றில் பிடித்துத் துளைக்குள் விட வேண்டும். போகவில்லை. மறுபடி. கொக்கி வளையத்தில் பட்டுக் கிடுகிடு என்று சத்தம் போடுகிறது, குளிரில் பல் அடித்துக்கொள்கிற மாதிரி. உபதேசியார் பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்க்கிறார். சந்தியாகுவின் முதுகுக்கு அந்த நடுக்கம் தெரிகிறது, தெரியாமல் இருக்காது. அவன் ஒரு அடி நகர்ந்து, தற்செயலாக நகர்ந்த மாதிரி, தன் அகலமான உடம்பை எனக்கும் உபதேசியாருக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறான். "உபதேசியாரே, பின்கட்டுல தங்கச்சி கித்தேரி இருக்கும், ஒரு சொம்பு தண்ணி வாங்கியாங்களேன், நாக்கு வறண்டு போச்சு" என்கிறான். குரலில் ஒன்றுமில்லை. பழகின குரல். இதைப் பேரவையிலும் இப்படித்தான் செய்திருப்பான், எழுந்து நின்று, உடம்பை நடுவில் வைத்து. என்னைக் காப்பாற்றத்தான் எழுந்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிட்டது. அடுத்த நொடி அவன்மேல் எனக்கு வந்த வெறுப்பு இந்தப் பதினொரு மாதத்தில் வந்ததே இல்லை. யூதாஸாகக்கூட இருக்கத் தெரியாதவன். அவன்மேல் கோபப்பட என்னிடம் இருந்த ஒரே காரணத்தையும் பிடுங்கிக்கொண்டான், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு.

"நில்லுங்க உபதேசியாரே" என்றேன். அவர் நின்றார். "போன வருஷம் நான் குடிச்சிருக்கல. எனக்கு நரம்பு வியாதி. கை நடுங்குது, ரெண்டு வருஷமா. இந்தா பாருங்க." கையை நீட்டினேன். ஆடியது, நன்றாகவே ஆடியது, நான் அதை அடக்கப் பார்க்கவில்லை. "இவனுக்கு அப்பவே தெரியும்." சந்தியாகு திரும்பினான். "ஏன்டா" என்றான், "ஏன்டா சிங்கு, கடை என்னடா ஆகும்?" உபதேசியார் என் கையைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். "அப்போ சாமிகிட்ட நீங்க சொன்னது பொய்யா?" என்றார். வெள்ளி மார்போடு நடுவீட்டில் நிற்கிறான், காது சிவந்து. இதைத்தான் நான் மைதானத்தில் பார்க்க நினைத்தேன். இதோ. சாயங்காலத்துக்குள் சாமியாருக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்கே தெரியும், பேரவையில் பொய் சொன்னவன் என்று, பொய் சொல்லி வேஷம் வாங்கினவன் என்று. நான் வாயைத் திறந்தது அதற்காகவா, இல்லை கையை ஒளித்து ஒளித்துக் களைத்துப்போனதாலா? இரண்டும்தான் என்று சொல்லலாம். இரண்டும்தான் என்று சொல்வதும் ஒரு ஒளிப்பு. கித்தேரி பின்கட்டு வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள், எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. அவள் அழவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"இவர் நல்லதுக்குத்தான் சொன்னாரு" என்றேன். உபதேசியாரிடம் சொன்னேனா, எனக்கே சொன்னேனா. அவனை ‘இவர்’ என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லியிருக்கிறேன். பிறகு அவனைப் பார்த்து, "கழட்டு" என்றேன். "காஞ்சா நிக்காது. பொய் சொன்னேன். மேல லாக்கர் அடிக்கணும், அடிக்கலன்னா வெயில்ல உருகி ஜெரால்டு மேல, டீச்சர் மேல, எல்லாம் அப்பிக்கும். அடிக்காம விட்டிருந்தேன்." "மறந்துட்டியா?" என்றான். அதிலும் எனக்கு ஒரு வழி விடுகிறான். "இல்ல" என்றேன். ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன், அடித்தால்கூட நல்லது என்று நினைத்தேன். அவன் தானே கையைப் பின்னால் விட்டு வாரை அவிழ்த்து, கவசத்தை ஓரத்தைப் பிடித்துக் கழற்றி, மேசையில் தாளின் மேல் நிமிர்த்தி வைத்தான். "எதை அடிக்கணும்?" அலமாரியைக் காட்டினேன். டப்பாவை எடுத்துக் குலுக்கினான். "எவ்வளவு தூரத்துல பிடிக்கணும்?" "ஒரு முழம்." பிடித்தான். கை நீண்டு காற்றில் நின்றது, ஊன்ற ஒன்றுமில்லாமல், கல்லில் அடித்த ஆணி மாதிரி அசையாமல். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிக்க வேண்டியது நானா, அவனா என்று பெரிய வியாழன்வரை யோசிக்கலாம். முதல் பூச்சு விழுந்தது.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடி" என்றேன்.